கற்பனையும் கருமமும்

தலைமன்னார்க் கரையிலிருந்து மேற்கே சேதுவின் மணற்றிட்டுகள் தொடர்கின்றன. வானரர் கடலை அடைத்த கதையைக் கேட்டு வளர்ந்த அவ்வூரார், 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கு நீராவிக் கப்பல் செல்லவும் கண்டனர். மனிதன் செயலால் எய்துவதை அவன் கற்பனை முன்னரே எய்திவிடுகின்றது.

இக்கால விஞ்ஞானக் கதைகளும் இத்தகையனவே. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், விண்கலத்தின் செய்தித்தொடர்பு அதிகாரியாக நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி நடித்தார். முதலாண்டு முடிவில் விலக எண்ணிய தம்மை மார்ட்டின் லூதர் கிங் தடுத்தார் என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். அத்தொடரைக் கண்டு வளர்ந்த சிக்காகோச் சிறுமி மே ஜெமிசன், 1992 செப்டெம்பரில் ‘எண்டெவர்’ விண்ணோடத்திற் சென்று, விண்வெளி கண்ட முதற் கறுப்பினப் பெண்மணி ஆனார்.

ஆயினும், கதை அவரை விண்ணுக்கு ஏற்றவில்லை. இரசாயனப் பொறியியலும் மருத்துவமும் கற்ற உழைப்பே ஏற்றியது. அவ்விடம் தமக்கும் உரியது என்னும் உணர்வை ஊட்டியதே கதை செய்த உதவி. அவ்வுணர்வு பெறாத மாணவன் உழைக்கத் தொடங்கான். பெற்றும் உழையாதவனுக்கு அது வெறுங்கனவாகவே கழியும்.