முடியாத கையின் பலம்

ரம்மி ஆடியவர்களுக்கு இது விரல்நுனியில் இருக்கும். கையில் ஹார்ட் 6, 7 இருந்தால் 5-க்கும் காத்திருக்கலாம், 8-க்கும் காத்திருக்கலாம். இரண்டு கட்டு போட்டு ஆடும்போது உதவக்கூடிய சீட்டுகள் நான்கு. 6, 8 வைத்திருந்தாலோ நடுவில் ஒரு 7 வந்தாக வேண்டும். அப்படி இரண்டே சீட்டுகள்தான் கட்டில் உண்டு. அதனால்தான் கைதேர்ந்த ஆட்டக்காரர் நடுச்சீட்டுக்கு ஏங்குவதை விட்டுவிட்டு, இரு பக்கமும் திறந்த சோடியைப் பிடித்துக்கொள்கிறார். பள்ளியில் நிகழ்தகவு படிக்காத தோட்டத்துப் பெரியவரும் இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுவார்.

இதே கணக்கு போக்கரில் இன்னும் ஆழமாகப் போகிறது. மலேசியாவில் ராசா என்ற ஊரிலிருந்து தெற்கே பத்தாங் காலிக்குப் போனால், அங்கிருந்து ஒரு மலைப்பாதை கெந்திங் மலைக்கு ஏறுகிறது. நாட்டில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட விடுதி அந்த உச்சியில்தான் இருக்கிறது. லிம் கோ தோங் 1969-இல் அதற்கு உரிமம் பெற்றார். 1971-இல் முதல் ஓட்டல் திறந்தது. இன்று போக்கர் போட்டி நடக்க மலையும் வேண்டாம், மேசையும் வேண்டாம். ஒரு கைப்பேசித் திரை போதும். அதில் புரளும் பணத்தில் எனக்கு ஆர்வமில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் கணிதம்தான் என்னை இழுக்கிறது.

ஆட்டம் எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என ஐந்து பொதுச்சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். ஐந்தும் ஒரே இனமானால் ஃபிளஷ். ஐந்தும் வரிசையாக வந்தால் ஸ்ட்ரெய்ட். இந்த இரண்டில் ஒன்றை எட்ட ஒரே ஒரு சீட்டு குறைவாக நிற்கும் கையைக் ‘காத்திருப்புக் கை’ என்று வைத்துக்கொள்வோம். அதை முழுமையாக்கும் சீட்டுகள் ‘மீட்புச் சீட்டுகள்’.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் ஸ்பேட் 9, 8. நடுவில் ஹார்ட் 10, ஸ்பேட் 7, ஸ்பேட் 2. எதிராளியிடம் டைமண்ட் ஏஸ், கிளாவர் 10. அவரிடம் பத்துச் சோடி உருவாகிவிட்டது. உங்களிடம் ஒரு சோடிகூட இல்லை. இந்த நொடியில் ஆட்டத்தை நிறுத்தினால் அவருக்குத்தான் வெற்றி. ஆனால் மீதி இரண்டு சீட்டும் திறக்கும்வரை இருவரும் நின்றால், யார் பக்கம் சாய்வு?

எண்ணிப் பார்க்கலாம். பதின்மூன்று ஸ்பேடில் நான்கு வெளியே வந்துவிட்டன. ஃபிளஷுக்கு மீதி ஒன்பது. ஸ்ட்ரெய்ட்டுக்கு 6 அல்லது ஜாக் வேண்டும், அப்படி எட்டு. அதில் இரண்டு ஸ்பேட் ஏற்கெனவே கணக்கில் இருப்பதால் புதிதாக ஆறு. ஆக, மீட்புச் சீட்டுகள் 15. தெரியாத சீட்டுகள் 45. அவற்றிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 990 வழிகள் உண்டு. மீட்புச் சீட்டு ஒன்றுகூட வராத வழிகள் 435. எஞ்சிய 555-இல் உங்கள் கை நிறைவடைகிறது. பாதிக்கும் மேல்! ஒன்றுமே இல்லாத கை, சோடி வைத்திருக்கும் கையை முந்துகிறது.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. உங்களுக்கு ஃபிளஷ் அமைந்தும் எதிராளி அதைவிடப் பெரிய கை எட்டும் வழிகள் உண்டு. ஸ்பேட் 10 வந்து கூடவே ஓர் ஏஸ் வந்தால், அவரிடம் மூன்று பத்து, இரண்டு ஏஸ் சேர்ந்து ஃபிளஷைத் தோற்கடிக்கும். இத்தகைய வழிகள் 13. மறுபுறம், மீட்புச் சீட்டே வராமல், இரண்டு 9-ஓ, இரண்டு 8-ஓ, ஒரு 9-உம் ஒரு 8-உமோ வந்து நீங்கள் வெல்லும் வழிகள் 15. பதின்மூன்றைக் கழித்துப் பதினைந்தைக் கூட்டினால் 557. அதாவது 56.3 விழுக்காடு. இருவரும் ஆளுக்கு 100 ரிங்கிட் வைத்திருந்தால், பின்தங்கி நிற்கும் உங்களுக்குத்தான் சராசரியாக 12 ரிங்கிட் 50 சென் லாபம்.

மறைந்திருப்பதை எண்ணும் இந்தக் கலை நம் கதைகளுக்குப் புதிதல்ல. மகாபாரதத்து நளன் கதையில் மன்னன் இருதுபன்னன் தேரில் போகிறபோக்கில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. எண்ணும் வித்தையும் பகடையின் மறைபொருளும் இருதுபன்னனிடம் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பகடையின் மறைபொருளைத்தான் அவன் நளனுக்குக் கற்றுக்கொடுக்கிறான். கதை சொன்னவர் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது எனக்கு எப்போதும் வியப்பு.

காத்திருப்புக் கைக்கு இன்னொரு பலமும் உண்டு. காத்திருந்து பார்ப்பதற்குப் பதில் நீங்களே முந்திக்கொண்டு எல்லாப் பந்தயச் சில்லுகளையும் நடுவில் தள்ளினால், எதிராளி அஞ்சிச் சீட்டைக் கீழே வைத்துவிடலாம். ஃபிளஷுக்கு மட்டும் காத்திருக்கும் சாதாரணக் கையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மீட்புச் சீட்டு. நிறைவடையும் வாய்ப்பு 36 விழுக்காடுதான். எதிராளி மூன்றில் ஒரு முறை பின்வாங்குவார் என்றால், குவியல் உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு சுமார் 58 விழுக்காடாக உயர்கிறது. சீட்டில் ஒன்றும் மாறவில்லை. முதலில் தள்ளியவருக்கு வெல்ல இரண்டு வழிகள், ஏற்றுக்கொண்டவருக்கு ஒன்றுதான். அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஸ்கிளான்ஸ்கி இதைப் பாதிப் பாசாங்கு என்ற பொருளில் ‘செமி பிளஃப்’ என்று அழைத்தார்.

போட்டி ஆட்டத்தில்தான் உண்மையான விந்தை தொடங்குகிறது. போட்டியில் சில்லு பணமாகாது. கடைசிவரை யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே பரிசு. மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சம அளவு சில்லு என்று வையுங்கள். மொத்தப் பரிசு 1,000 ரிங்கிட்: முதலாமவருக்கு 500, இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 200. இப்போது ஒவ்வொருவர் நிலையின் மதிப்பும் 333 ரிங்கிட். எதிராளி எல்லாச் சில்லுகளையும் தள்ளுகிறார். நடுவில் ஏற்கெனவே கிடப்பது சொற்பம். ஏற்கலாமா?

தோற்றால் உங்களுக்கு 200. அதாவது 133 ரிங்கிட் இழப்பு. வென்றால் மொத்தச் சில்லில் மூன்றில் இரண்டு பங்கு உங்களுடையது. மூன்றில் இரண்டு முறை 500, ஒரு முறை 300, சராசரி 433. லாபம் 100 மட்டுமே. சில்லு இருமடங்கானாலும் மதிப்பு இருமடங்காகவில்லை! நட்டமில்லாமல் ஏற்க வேண்டுமானால் ஏழில் நான்கு முறையாவது, அதாவது 57.1 விழுக்காடு, வெல்ல வேண்டும். நம்முடைய அருமையான 9, 8 கைக்கு 56.3 தானே இருக்கிறது? பண ஆட்டத்தில் லாபம் தந்த அதே கை இங்கே சராசரியாக 2 ரிங்கிட் நட்டம் தருகிறது. கைகட்டி வேடிக்கை பார்த்த மூன்றாமவரின் நிலையோ, நீங்கள் இருவரும் மோதி யார் தோற்றாலும், 333-லிருந்து 367-க்கு ஏறுகிறது. எதுவும் செய்யாமல் கிடைத்த 33 ரிங்கிட் அது.

முடியாத ஆட்டத்துக்கு விலை போடும் இந்தக் கேள்விதான் நிகழ்தகவுக் கணிதத்துக்கே விதை. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். இன்றைய காப்புறுதிக் கணக்குகளுக்கும் அங்கேதான் வேர்.

சரியாக ஆடியும் தொடர்ந்து தோற்கும்போது ஆட்டக்காரர் திரையைச் சந்தேகிக்கிறார். 56.3 விழுக்காட்டுக் கை அடுத்தடுத்து ஐந்து முறை தோற்பது 62-இல் ஒரு தடவை நடக்கும். பத்து முறை என்றால் சுமார் 3,900-இல் ஒரு தடவை. தொடர் நீள நீள அதன் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதை, எளிய சீட்டாட்டம் முதல் மிகச் சிக்கலான அமைப்புகள் வரை அளந்து காட்டும் பொதுக்கோட்பாட்டைக் கட்டியெழுப்பியவர் நம்மவர்: 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன். ‘பெருவிலக்கம்’ எனலாம் அந்தத் துறையை. இயல்பிலிருந்து வெகுதூரம் விலகிய அரிய நிகழ்வுகளின் கணிதம். அதற்காக 2007-இல் ஏபல் பரிசு பெற்றார்.

ஆனால் திரையின் மீதான அந்தச் சந்தேகம் ஒருமுறை சரியாகவே இருந்தது. 52 சீட்டை அடுக்கும் முறைகளின் எண்ணிக்கையை எழுதினால் 68 இலக்கம் வரும். பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கைக்கு 18 இலக்கமே போதும். 1999-இல் பிளானட் போக்கர் தளம், தன் நேர்மையைக் காட்டவே, சீட்டைக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் நிறுவனத்தார் அதைப் படித்தார்கள். கலைப்பின் தொடக்க எண், நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிநொடிகள். ஒரு நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிகள்தான். ஆகவே அத்தனை அடுக்குகள்தான் சாத்தியம். தம் கணினியின் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துப்போகச் செய்ததும் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. தம் இரு சீட்டும் நடுவில் திறந்த மூன்றும் தெரிந்தால் போதும். கணினி நொடியில் எல்லாருடைய கையையும், இனி வரப்போகும் சீட்டுகளையும் சொல்லிவிட்டது. எல்லா அடுக்குகளுக்கும் இடம் தர வேண்டுமானால் தொடக்க எண்ணுக்குக் குறைந்தது 226 பிட் நீளம் வேண்டும்.

சரி, சீட்டாட்டம் அதிர்ஷ்டமா, திறமையா? ரம்மிக்குத் திறமை வேண்டும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967-இலேயே கூறியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றது 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் வந்த இந்தியச் சட்டமோ அந்த வேறுபாட்டையே பாராமல் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்தது. இங்கே மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. திறமை உண்மைதான், ஆனால் 56 விழுக்காட்டின் மறுபக்கத்தில் 44 இருக்கிறது, தளமோ ஒவ்வொரு போட்டியிலும் நுழைவுக் கட்டணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சம்பளப் பணத்தை அதில் வைக்காதீர்கள்.

வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தால், மேலே சொன்ன ஏழு சீட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி 45-ஐ நன்றாகக் கலைத்து இரண்டைத் திறந்து, யார் வென்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நூறு முறை செய்தால் 9, 8 கை ஐம்பத்தாறு முறையை ஒட்டி வெல்லும். பெரும்பாலும் 46-க்கும் 66-க்கும் நடுவில் நிற்கும். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.