என்ஜினை மாற்றினீர்கள், புத்தகத்தை மாற்றினீர்களா?

அரநாயக்கவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய ஜீப் வாங்குகிறவர் செய்யும் முதல் வேலை பொனட்டைத் திறப்பதுதான். பிஸ்டன் ரிங் மாற்றுவார், கிளட்ச் போடுவார், பாஸைக் கூப்பிட்டுப் பெயின்டும் அடிப்பார். பதிவுப் புத்தகம் மட்டும் பொலித்தீன் பையோடு அலுமாரியில் கிடக்கும். அதில் இருப்பது யாரோ ஒருவருடைய பெயர், எப்போதோ கழற்றி விற்ற என்ஜினின் இலக்கம். பொலிஸ் மறித்த பிறகு அல்லது விபத்து நடந்த பிறகுதான் அந்தப் பையைத் தேடுகிறார்கள்.

2016 மே 17இல் சாமசர மலை சரிந்த பிரதேசம் இது. மழைக்காலத்தில் நான்கு சில்லும் இழுக்கும் வண்டியின் அருமையை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய லேண்ட் ரோவரும் மிட்சுபிஷி ஜீப்பும் தங்க விலைக்குப் போயின. வெட்டி ஒட்டிய வண்டிகளுக்கும் அப்போது நல்ல கிராக்கி.

ஆகவே காசு கொடுக்கும் முன் கம்பித் தூரிகையால் சேற்றையும் துருவையும் தேய்த்து, செஸி இலக்கத்தை உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள். எழுத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ கிரைண்டர் கீறலோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். இலக்கத்தில் சந்தேகம் வந்தால் பொலிஸார் வண்டியை எடுத்துக்கொண்டு அரச பகுப்பாய்வாளரிடம் அனுப்புவார்கள். வண்டியும் போகும், நீதிமன்றத்துக்கும் நீங்கள்தான் அலைவீர்கள். விற்றவரின் தொலைபேசி அதற்குள் வேலை செய்யாது.

அடுத்தது ‘ஓப்பன் பேப்பர்’. வாங்குகிறவரின் பெயரை எழுதாமல், விற்கிறவரின் கையெழுத்து மட்டும் உள்ள உரிமை மாற்றப் படிவத்தோடு வண்டி நான்கைந்து கை மாறுகிறது. இதை எத்தனை தரம் சொன்னாலும் கேட்பாரில்லை. கைமாறி 14 நாட்களுக்குள் இரண்டு பேரும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. விற்றவர் எம்டிஏ 8 படிவத்தில் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கியவர் எம்டிஏ 6 படிவத்தையும் மூலப் பதிவுச் சான்றிதழையும் நாரஹேன்பிட்டியிலுள்ள திணைக்களத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவர் அறிவிக்காவிட்டால் அடுத்தவர் செய்யும் விபத்துக்கும் அவர் பெயருக்கே கடிதம் வரும். வாங்கியவர் மாற்றாவிட்டால், விற்றவர் இறந்த பிறகு வாரிசுகள் ஒவ்வொருவரின் வாசலிலும் நிற்க வேண்டிவரும்.

சான்றிதழில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தையும் பாருங்கள். எப்போதோ கட்டி முடித்த லீசிங் கம்பனியின் பெயர் அங்கே அப்படியே இருக்கக்கூடும். அவர்களிடம் விடுவிப்புக் கடிதம் வாங்காமல் உரிமை மாறாது. சான்றிதழே தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு திணைக்களத்தில் இரண்டாம் பிரதி கேட்கலாம். அதைச் செய்ய வேண்டியவர் விற்கிறவர், நீங்களல்ல.

பெற்றோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றுவது நம் பகுதியில் சர்வசாதாரணம். என்ஜின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவில் இருக்கின்றன. இரண்டையும் திருத்தியே ஆக வேண்டும். என்ஜின் வாங்கும் கடையில் இன்வொய்சோடு சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். “அது பிறகு தருவோம்” என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பதிவுக்குப் பொருந்தாத என்ஜினோடு விபத்தில் மாட்டினால் காப்புறுதிக் கம்பனி நட்டஈட்டைத் தட்டிக்கழிக்க அதுவே போதும். தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த ஜீப்பில் ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறவர்களுக்கும் இதே கதிதான். பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால் அது கிடைத்துவிடும். வண்டி உங்களுடையது என்பதற்கு அது அத்தாட்சியல்ல.

கந்தோரில் சிங்களப் படிவத்தை நீட்டி “இதில் கையெழுத்துப் போடு” என்றால் போட்டுவிடாதீர்கள். சப்ரகமுவவின் நிர்வாக மொழி சிங்களம்தான். ஆனாலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கோப்பு எங்கே என்று கேட்டால் “பிறகு வா” என்று மட்டும் சொல்கிறார்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

பத்திரம் சரியாக இருந்தும் ஜீப்புக்குக் கீழே படுத்து உயிரை விடலாம். பழைய லேண்ட் ரோவரிலும் வில்லிஸ் வழிவந்த ஜீப்புகளிலும் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கியருக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றை ஜேக்கில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சில்லு அந்தரத்தில் சுழலும், தரையிலிருக்கும் மற்றது உருளும், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி நகரும். டிரான்ஸ்ஃபர் கியர் நியூட்ரலில் இருந்தால் முதலாம் கியரில் போட்டும் பயனில்லை. லயத்து வாசல் சரிவில் இதைச் செய்யவே கூடாது. சமதரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் ஹப்பைப் பூட்டி நாலு சில்லுக் கியரையும் போடுங்கள். ஜேக்கை நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த நீர் கொதித்து ஆவியாகி, மிதி அடிவரை போய்விடும். எங்களுடையதைப் போன்ற மழைநாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அதை மாற்ற வேண்டும். கழற்றிய என்ஜின் ஒயிலைப் பீலியோரம் ஊற்றுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கீழே இருக்கிறவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

திரும்பவும் சொல்கிறேன்: கல் வைக்காமல் யாரும் ஜீப்புக்குக் கீழே போக வேண்டாம். வைத்தாயிற்றா என்று வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுங்கள்.