ஓடுபாதை நீண்டுவிட்டது, அடுத்து என்ன?

வானத்து வாசல்கள் – 9

உள்நாட்டு விமானங்கள் மட்டும் வந்துபோகும் ஒரு நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கும் விமானம் விடலாமா? இதற்குப் பதில் சொல்ல எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்? இந்த வாரம் அதைத் தூத்துக்குடியை வைத்துப் பார்ப்போம்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில், வாகைக்குளத்தில் இருக்கிறது அந்த நிலையம். 1992-இல் தொடங்கியது. அப்போதைய ஓடுபாதையின் நீளம் 1350 மீட்டர். எழுபது பேர் அளவில் ஏற்றிச்செல்லும் ஏடிஆர் ரக விமானங்களுக்கு அது போதும். அதைவிடப் பெரிய விமானம் எதுவும் அங்கே இறங்க முடியாது. 2025 ஜூலை 26 அன்று பிரதமர் நரேந்திர மோடி அங்கே புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 450 கோடி ரூபாய்ச் செலவு. 17,340 சதுர மீட்டர் கட்டடம். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளலாம். ஓடுபாதை 3115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஏ321 ரக விமானங்கள் ஐந்து ஒரே நேரத்தில் நிற்க இடம் இருக்கிறது.

திறப்பு விழா முடிந்ததுமே மக்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: துபாய்க்கு எப்போது? சிங்கப்பூருக்கு எப்போது? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தென்மாவட்டங்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். ஆனால், இத்தனை ஆண்டுகளாக நாம் கேட்டதெல்லாம் நீளமான ஓடுபாதையும் பெரிய கட்டடமும்தான். அவை கிடைத்துவிட்டன. வெளிநாட்டு விமானம் வருவதற்கு வேண்டிய மற்ற இரண்டை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை என்பதே என் ஆதங்கம். ஒன்று, பறக்கும் உரிமை. மற்றொன்று, பயணி யார் என்ற நேர்மையான கணக்கு.

தரையில் உள்ளது

முதலில் தரையை அளந்துவிடுவோம். வாகைக்குளத்திலிருந்து துபாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே தூரம். ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு இது இயல்பான தூரம். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். விமானம் மேலெழ அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். தென்கோடியின் சித்திரை வெயிலையும் சேர்த்துப் பார்த்தாலும் 3115 மீட்டர் தாராளம். திருச்சியின் ஓடுபாதை சுமார் 2480 மீட்டர், மதுரையினுடையது சுமார் 2285 மீட்டர். அந்த நீளத்தை வைத்துக்கொண்டுதான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானங்கள் பறக்கின்றன. அந்த இரண்டையும்விட இப்போது தூத்துக்குடிக்குத்தான் ஓடுபாதை நீளம்.

நீளத்தோடு தாங்குதிறனையும் பார்க்க வேண்டும். முழுச் சுமையோடு கிளம்பும் ஏடிஆர் 72 சுமார் 23 டன். ஏ321 என்றால் 90 டன்னைத் தாண்டும். ஓடுபாதை, விமானம் நிற்கும் தளம், இரண்டையும் இணைக்கும் பாதை மூன்றும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். தீயணைப்புக்கும் படிநிலை உண்டு. விமானத்தின் நீள அகலத்தை வைத்து அதை வகுக்கிறார்கள். ஏடிஆர் 72-க்கு ஐந்தாம் நிலை போதும்; ஏ321-க்கு ஏழாம் நிலை வேண்டும். அதற்கேற்ப வண்டிகளும் தண்ணீரும் நுரையும் ஆட்களும் கூடும். இவை எல்லாமே பணமும் காலமும் செலவழித்தால் வந்துசேரக் கூடியவை. தரையைப் பொறுத்தவரை தூத்துக்குடியின் நிலை நன்றாகவே இருக்கிறது.

கடலுக்கு அப்பால் இரண்டு பாடங்கள்

மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் இந்தக் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

இலங்கையின் தெற்கில் மத்தள. ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் சீனக் கடனில் கட்டி, 2013 மார்ச்சில் திறந்தார்கள். ஓடுபாதை 3500 மீட்டர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளுக்கான முனையம். சர்வதேச நிலையம் என்ற பெயர் முதல் நாளிலிருந்தே இருந்தது, பயணிகள்தாம் வரவில்லை. தொடக்கத்தில் வந்த விமான நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலகின. உலகிலேயே ஆளில்லாத சர்வதேச விமான நிலையம் என்ற அவப்பெயர்தான் மிஞ்சியது. அந்தக் கடனின் சுமை அந்நாட்டு மக்கள் தலையில்தான் விழுந்தது.

வடக்கில் பலாலி. போர்க்காலம் முழுக்க ராணுவத்தின் கையில் இருந்த இடம். 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். அப்போது விமானம் இறங்கத் தகுந்த ஓடுபாதை ஏறத்தாழ 1400 மீட்டர்தான். தூத்துக்குடியில் நாம் சிறியது என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய ஓடுபாதையின் அளவுதான் அது. அந்த நவம்பரிலேயே அலையன்ஸ் ஏர் ஏடிஆர் விமானம் சென்னையிலிருந்து அங்கே பறக்கத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு திருச்சியிலிருந்தும் விமானம் விட்டது. பலாலியில் பளபளப்பான கட்டடம் கிடையாது. சுங்கம், இமிகிரேஷன், இரு அரசுகளின் சம்மதம், அவற்றோடு உண்மையான தேவை. இந்த நான்கும் சேர்ந்தபோது 1400 மீட்டரே போதுமானதாக இருந்தது.

மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்ததையும், ஒன்றரைக்கும் குறைந்தது உயிர்பெற்றதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அளக்க வேண்டியது எது என்று விளங்கும்.

பறக்கும் உரிமை

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின் மீது முழு இறையாண்மை உண்டு என்று 1944-இன் சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. அட்டவணைப்படி பறக்கும் வெளிநாட்டு விமானம் எதற்கும் அந்தந்த நாட்டின் தனி அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் சுங்க நிலையமாக அறிவித்த இடத்தில்தான் இறங்க வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் விதி. இந்தியாவில் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ் அந்த அறிவிப்பு வெளிவர வேண்டும். இமிகிரேஷன் சோதனைச்சாவடிக்கு உள்துறை அமைச்சகம் ஆணையிட்டு ஆள் தர வேண்டும். சுகாதார அலுவலர் வேண்டும். செடி, விதை, விலங்குகளைச் சோதிப்பவர்கள் வேண்டும். வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் வந்துபோகும் என்பதால், நாள் முழுக்க இயங்கும் நிலையமாகவும் இருக்க வேண்டும்.

இவை அனைத்தும் கிடைத்தாலும் ஒரு பூட்டு பாக்கியிருக்கும். நாடுகளுக்கு இடையிலான விமானச் சேவை ஒப்பந்தங்களில், எந்தெந்த ஊருக்கு அயல்நாட்டு நிறுவனங்கள் பறக்கலாம் என்ற பட்டியல் உண்டு. மதுரையின் கதை இதற்குச் சாட்சி. 2012-இலேயே அது சுங்க விமான நிலையம் ஆகி, கொழும்புக்கு விமானமும் பறந்தது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று நம் நாட்டு நிறுவனங்கள் விட்டன. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றுடனான ஒப்பந்தப் பட்டியல்களில் மதுரையின் பெயர் இல்லை. அதனால் அந்நாடுகளின் நிறுவனங்கள் விரும்பினாலும் அங்கே வர முடிவதில்லை. திருச்சியின் அதிர்ஷ்டம் வேறு. ஆசியான் நாட்டு நிறுவனங்களுக்காக இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா நகரங்களில் திருச்சியும் ஒன்று. மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்கள் அங்கே குவிந்ததற்கு முக்கியக் காரணம் அந்தப் பட்டியல். மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் நகரம் அதில் இடம்பெறாமல் போனதை எண்ணினால் இன்றும் மனம் ஆறவில்லை.

நம் நாட்டு நிறுவனங்கள் எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாமே என்று கேட்கலாம். கிளம்பலாம். ஆனால் துபாய்க்கு ஒவ்வொரு தரப்பும் வாரத்துக்கு இத்தனை இருக்கைதான் விடலாம் என்று உச்சவரம்பு உண்டு, சுமார் 66,000. அதைத்தான் இந்திய நகரங்கள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. தூத்துக்குடிக்கு ஒரு விமானம் விட வேண்டுமானால் அந்த இருக்கைகளை நிறுவனம் எங்கிருந்தாவது எடுத்துத் தர வேண்டும். மும்பையிலிருந்து விற்றால் கிடைக்கும் வருமானம் வாகைக்குளத்தில் கிடைக்குமா என்றுதான் அது பார்க்கும். ஆகவே பயணிகளின் கணக்கு நம் கையில் இல்லாமல் யாரிடமும் பேச முடியாது.

பயணி யார்?

இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. தென்மாவட்ட மக்கள்தொகை முழுவதையும் கூட்டிக்காட்டி, இத்தனை லட்சம் பேருக்குப் பயன்படும் என்று மனுவில் எழுதுவது எளிது. நாகர்கோவில்காரர் திருவனந்தபுரத்துக்குத்தான் போவார். அவருக்கு அது ஒன்றரை மணி நேரப் பயணம். விருதுநகர்க்காரருக்கு மதுரை பக்கம். இவர்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். மிச்சம் இருப்பவர்கள் யார்? காயல்பட்டினத்துச் சபுராளிகள் (பொருள் தேடி வெளிநாடு போகிறவர்கள்), மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து வளைகுடாத் தொழிலாளர்கள், கடலோரக் கிராமங்களிலிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், தூத்துக்குடித் துறைமுகத்தைச் சார்ந்த வணிகர்கள். இவர்கள் இப்போது எந்த நிலையத்திலிருந்து, எந்த ஊருக்கு, எந்த மாதத்தில் பறக்கிறார்கள்? இந்த விவரம் ஊர் டிராவல்ஸ்காரர்களிடம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து அதைத் திரட்டினால் ஒரு விமான நிறுவனத்தின் முன்னால் தலைநிமிர்ந்து உட்காரலாம்.

சரக்கும் கணக்கில் வர வேண்டும். உயிர் நண்டும் ஐஸில் வைத்த மீனும் பல மணி நேரம் லாரியில் போய்த் தொலைவிலுள்ள நிலையங்களில் விமானம் ஏறுகின்றன. பயணிகள் விமானத்தின் வயிற்றில் சில டன் சரக்கு ஏறினாலே அந்த வழித்தடத்தின் வரவு மாறிவிடும். ஆனால் குளிர்பதன அறையும், சரக்கைச் சோதித்து அனுப்பும் சுங்க அலுவலரும் இல்லாமல் ஒரு கூடை மீன்கூட ஏறாது.

முதல் வழித்தடம் எதுவாக இருக்கலாம்? என் மனம் கொழும்பைத்தான் சொல்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 530 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் சுமார் 270. ஏடிஆர் விமானமே போதும். நம் 2016 விமானக் கொள்கை சார்க் நாடுகளோடு திறந்த வானத்தை விரும்புவதாகச் சொல்கிறது. கொழும்பில் இறங்கினால் அங்கிருந்து வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் விமானம் மாறலாம்.

ஆனால் இந்தக் கடல்வழி நமக்குக் கண்டிப்பான பாடங்களையும் தந்திருக்கிறது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, இதே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்டார். எதிர்த்தரப்பு ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. அரசு அவரைச் சிறையில் தள்ளியது. அந்தச் சேவை நொடித்துப்போனது. 2011 ஜூனில் அதே வழியில் மீண்டும் பயணிகள் கப்பல் ஓடியது. போதிய வரும்படி இல்லாமல் சில மாதங்களில் நின்றுவிட்டது. தொடக்க விழா நடத்துவது எளிது; மூன்றாம் ஆண்டு வரை தாக்குப்பிடிப்பதுதான் கடினம்.

ஆகவே கோரிக்கையை வரிசைப்படுத்துவோம். முதலில் சுங்க நிலைய அறிவிப்பும் இமிகிரேஷன் சாவடியும். முனையம் புதிதாக இருக்கும்போதே அவற்றுக்கு இடம் ஒதுக்கச் சொல்ல வேண்டும். அடுத்து கொழும்பு, முதல் இரண்டு ஆண்டுகளின் நட்டத்தில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்றால் நிறுவனங்கள் துணிந்து வரும். அதே வேளையில் பயணிகளின் கணக்கைத் திரட்டி வளைகுடாவுக்கு நம் நிறுவனங்களை அழைக்க வேண்டும். அடுத்த முறை சிங்கப்பூரோடும் அமீரகத்தோடும் டெல்லி பேச உட்காரும்போது மதுரை, தூத்துக்குடி இரண்டின் பெயரும் மேசையில் இருக்க வேண்டும். அதற்காகத் தென்மாவட்ட எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும்.

பிள்ளையை வழியனுப்ப வேன் பிடித்து இரவெல்லாம் பயணம் செய்யும் பெற்றோருக்கு, ஓடுபாதை எத்தனை மீட்டர் என்பது ஒரு பொருட்டே இல்லை. தன் ஊர்ப் பக்கத்திலேயே விமானம் ஏற முடிய வேண்டும், அது அடுத்த ஆண்டும் ஓட வேண்டும். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அவ்வளவுதான்.

அடுத்த வாரம்: இருக்கை உச்சவரம்பை டெல்லியில் யார், எப்படிப் பேசி முடிவு செய்கிறார்கள்?