கேட்பதும் வேலைதான்

1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஊர் ஊராக நடத்திய கண் முகாம்கள் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால், முகாம் ஊருக்கே வந்தாலும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேர்தான் முகாமுக்குப் போயிருந்தார்கள். பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று மற்றவர்களிடம் காரணங்கள் இருந்தன. இவற்றை எந்தக் கருவியும் காட்டாது, கேட்டால்தான் தெரியும். அரவிந்தில் அறுவை சிகிச்சை தேவைப்படுவோரிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற பெண்கள். பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள்.

கண்புரை ஆபரேஷன் என்றதும் ஒரு பாட்டி, “வீட்ல கேட்டுச் சொல்றேம்மா” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பயப்படாதீங்க, வலிக்காது” என்று உடனே தைரியம் சொல்வது சுலபம். ஆனால் அவர் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. “வீட்ல என்ன யோசனை பாட்டி?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது வெளியே வரும். “அப்ப மாட்டுக்கு ஆள் கிடைச்சா வந்துருவீங்க, அப்படித்தானே?” என்று திருப்பிச் சொன்னால் பாட்டி ஆமாம் என்பார், அல்லது திருத்துவார். பொறுத்திருப்பது, புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது: கேட்கும் பயிற்சியின் சாரம் இவ்வளவுதான். உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-ல் இதை நிறுவன மேலாளர்களுக்காக எழுதினார்கள். மில்லில் “மெஷின் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு சார்” என்று ஒருவர் சொல்லும்போதும், வேண்டியது இதே பொறுமைதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். அமெரிக்க மருத்துவர்களைப் பற்றிய 1984 ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் குறுக்கிட்டார்கள். 1999-ல் வந்த மற்றோர் ஆய்வில் அது 23 வினாடி. முழுக்கப் பேச விடப்பட்டவர்களோ கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக 6 வினாடிதான்! மில்லில் ஒருவர் சொல்லும் குறையைப் பாதியில் வெட்டிவிட்டு, அப்புறம் தவறான மெஷினைக் கழற்றிப் பார்க்கிற நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்பது இன்னொரு பயம். லீவு கேட்பவரின் கஷ்டத்தை முழுக்கக் கேட்ட பிறகும் லீவு இல்லை என்று சொல்லலாம். கேட்பது ஒத்துக்கொள்வது ஆகாது. மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: நம் அலுவலகங்களில் மேலதிகாரி முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை, பிறகு எதைக் கேட்பது? உண்மைதான். ஆனால் “சரிங்க சார்” என்ற பதிலோடு ஆளை அனுப்பிவிடும் பழக்கம்தான் அந்த மௌனத்தை வளர்க்கிறது. அதை முதலில் உடைக்க வேண்டியவர் மேலே இருப்பவர்.

கேட்பது பிறவிக் குணம், சிலருக்குத்தான் வரும் என்று நிர்வாகங்கள் கைகழுவ வேண்டாம். கணக்கு எழுதச் சொல்லித் தருவதுபோல் இதற்கும் பயிற்சி கொடுங்கள். அதற்கான நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள்.