கையில் ஜோடி எட்டு... ரெய்ஸா, காலா? போக்கர் வீரர்களைக் குழப்பும் நடுத்தர ஜோடிகள்!

இரண்டு ஆஸ் வந்தால் யோசிக்கவே வேண்டாம், தொகையை ஏற்றிவிடலாம். இரண்டும் ஏழும் வந்தால் அதற்கும் யோசனை தேவையில்லை, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடலாம். ஆனால், இரண்டு எட்டு வந்தால்?

போக்கரில் அதிகம் தடுமாற வைப்பது மோசமான சீட்டு அல்ல. ஜோடி ஏழு முதல் ஜோடி பத்து வரையிலான நடுத்தர ஜோடிகள்தான். விடவும் மனம் வராது, நம்பி இறங்கவும் தைரியம் வராது. இந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் ஆட்டம் எப்படி?

போக்கரில் பல வகை உண்டு. உலகம் முழுக்கப் பிரபலமானது, டெக்ஸாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மற்றவர்கள் பார்க்க முடியாதபடி. பிறகு மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று (ஃப்ளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). மொத்தம் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை யார் வைத்திருக்கிறாரோ, அவருக்கே நடுவில் சேர்ந்த தொகை.

ஒருவர் பணம் கட்டியதும் மற்றவர்களுக்கு மூன்று வழிகள்தான். விலகுவது ஃபோல்ட். அதே தொகையைக் கட்டித் தொடர்வது கால். அதைவிட ஏற்றிக் கட்டுவது ரெய்ஸ். சீட்டு வருவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாக ஒரு சிறு தொகையைப் போட்டிருப்பார்கள். அதற்கு பிளைண்ட் என்று பெயர்.

கணக்கு என்ன சொல்கிறது?

கையில் ஏதோ ஒரு ஜோடி வருவதே சராசரியாக 17 ஆட்டத்துக்கு ஒருமுறைதான். அதனால்தான் ஜோடியைப் பார்த்ததும் முகம் மலர்கிறது. சிக்கல் ஃப்ளாப்பில் ஆரம்பிக்கிறது.

ஜோடி எட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது எட்டு வர வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவிகிதம். அதாவது எட்டரை ஆட்டத்துக்கு ஒருமுறை. அதேசமயம், எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃப்ளாப்பில் விழ 87 சதவிகித வாய்ப்பு உண்டு. ஜோடி பத்து என்றாலும் அது 69 சதவிகிதத்துக்குக் குறையாது. நடுவில் ஒரு ராஜாவோ ராணியோ விழுந்துவிட்டால், 'எதிராளியிடம் இன்னொன்று இருக்குமோ?' என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னும் இரண்டு எண்கள். எதிராளியிடம் ஆஸும் ராஜாவும் இருந்தால், ஐந்து சீட்டும் திறந்து முடியும்போது ஜோடி எட்டு ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவிகிதம். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. எதிராளியிடம் உங்களைவிடப் பெரிய ஜோடி இருந்தால், ஐந்தில் ஒருமுறைதான் பிழைப்பீர்கள்.

ஆக, நடுத்தர ஜோடியால் ஜெயிக்கும்போது கொஞ்சம் முன்னிலை, தோற்கும்போது பெரிய அடி.

ரெய்ஸ் எப்போது?

உங்களுக்கு முன் இருந்தவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள், உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம் என்றால் ரெய்ஸ் செய்வதே நல்லது. அவர்களில் ஒருவரிடம் பெரிய ஜோடி இருக்கும் சாத்தியம் குறைவு. அவர்கள் விலகினால் பிளைண்ட் தொகை அப்படியே கைக்கு வரும். ஒருவர் மட்டும் தொடர்ந்தாலும் பெரும்பாலும் நீங்கள்தான் முன்னிலை. இங்கே வெறுமனே கால் செய்தால், குறைந்த விலையில் நான்கு பேரை உள்ளே அழைத்ததுபோல் ஆகும். நான்கு பேர் இருந்தால், ஃப்ளாப்பில் விழும் பெரிய சீட்டு யாராவது ஒருவருக்குப் பொருந்திவிடும்.

கால் எப்போது?

உங்களுக்கு முன்பே ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் நிலைமை வேறு. இங்கே மறுபடி ரெய்ஸ் செய்தால் என்ன ஆகும்? உங்களைவிடச் சின்ன ஜோடி வைத்திருப்பவர் ஓடிவிடுவார். பெரிய ஜோடி வைத்திருப்பவர் ஆனந்தமாக உட்கார்ந்திருப்பார். அதாவது, நீங்கள் ஜெயிக்கக்கூடியவர்களை விரட்டிவிட்டு, தோற்கக்கூடியவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். அதனால், பொதுவாக கால் செய்து ஃப்ளாப்பைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அதற்கும் நிபந்தனை உண்டு. மூன்றாவது எட்டு எட்டரை ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். அது வரும்போது, வராத ஆட்டங்களில் விட்டதையெல்லாம் திருப்பி எடுக்க வேண்டும். ஆகவே, நீங்கள் கட்டும் தொகையைப்போலப் பத்து, பதினைந்து மடங்காவது எதிராளியிடமும் உங்களிடமும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. இல்லாவிட்டால் காத்திருப்பதில் லாபம் இல்லை.

ஒருவர் ரெய்ஸ் செய்து, இன்னொருவர் அதற்கும் மேலே ரெய்ஸ் செய்திருந்தால்? பெரும்பாலும் ஃபோல்ட்தான். இருவரில் ஒருவரிடம் பெரிய ஜோடி இருக்க வாய்ப்பு அதிகம்.

போட்டிகளில் சிப்ஸ் கரைந்து, பிளைண்டைப் போல பத்து மடங்குதான் மிச்சம் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் கால் செய்து காத்திருக்க முடியாது. முன்னால் யாரும் ஏற்றாவிட்டால் மொத்தத்தையும் நடுவில் தள்ளுவதே, அதாவது ஆல் இன் போவதே சரி.

மூன்று ஜோடிகள், மூன்று முடிவுகள்

இந்தக் கணக்கு மேசையில் எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்பதற்கு, லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இரண்டு ஆண்டுகள் போதும்.

2003-ம் ஆண்டின் முதன்மைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி ஆடிய ஓர் ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்தவர். அனுபவசாலியான உம்பெர்ட்டோ பிரெனெஸிடம் ஜோடி ஆஸ், மணிமேக்கரிடம் ஜோடி எட்டு. ஐந்தில் ஒரு வாய்ப்புதான். ஆனால், மேசையில் இன்னோர் எட்டு விழுந்தது. பிரெனெஸ் வெளியேறினார்.

அதே போட்டியில், இறுதி மேசைக்கு ஒரு இடம் முன்பு, ஃபில் ஐவியிடம் ஜோடி ஒன்பது. ஃப்ளாப்பில் இரண்டு ராணியும் ஓர் ஆறும். மணிமேக்கரிடம் ஆஸும் ராணியும். டர்னில் ஒன்பது விழ, ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். மணிமேக்கரைக் காப்பாற்ற மீதமிருந்த 44 சீட்டுகளில் ஏழுதான் இருந்தன. ரிவரில் ஆஸ் விழுந்தது. ஐவி பத்தாம் இடத்தோடு வெளியேற, மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார்.

அடுத்த ஆண்டு கூட்டம் 2,576 பேராகப் பெருகியது. கடைசி ஆட்டத்தில் வழக்கறிஞர் கிரெக் ரேமரிடம் ஜோடி எட்டு. எதிரே இருந்த டேவிட் வில்லியம்ஸ் ரெய்ஸ் செய்தார். ரேமர் மறுபடி ஏற்றவில்லை, கால் செய்தார். ஃப்ளாப்பில் நான்கு, இரண்டு, ஐந்து. எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றுகூட இல்லை. வில்லியம்ஸ் பணம் கட்டியதும், இப்போது ரேமர் ரெய்ஸ் செய்தார். ஆஸும் நான்கும் வைத்திருந்த வில்லியம்ஸ், நான்கு ஜோடி சேர்ந்ததை நம்பித் தொடர்ந்தார். அடுத்த இரண்டு சீட்டும் இரண்டாகவே விழ, இருவருக்குமே ஃபுல் ஹவுஸ். ரேமருடையது பெரியது. 50 லட்சம் டாலர் அவருக்கு.

மூன்றில் ரேமரின் ஆட்டம்தான் பாடம். தெரியாதபோது கால், தெரிந்த பிறகு ரெய்ஸ்.

சரியான முடிவும் தோற்கும்

ஐவி டர்னில் பணத்தைப் போட்டது தவறே இல்லை. 44-ல் 37 சீட்டுகள் அவர் பக்கம். இருந்தும் தோற்றார். போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் வரை நடக்கும் வாதத்தின் மையமும் இதுதான். தமிழ்நாடு அரசின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிடப்பட்டன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தை ஏற்றாலும் அந்தப் பட்டியலை ரத்துசெய்தது. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசின் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையுமே தடைசெய்தது.

திறமை உண்மைதான். ஆனால், அது வெளிப்படுவதற்கு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தேவை. 55 சதவிகித வாய்ப்பு என்றால், நூற்றுக்கு 45 முறை தோல்வி. அந்த 45-ல் நான்கைந்து அடுத்தடுத்து வரலாம். போட்டி வீரர், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மேசைக்கு வருகிறார். மாதச் சம்பளத்தையோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையோ வைத்து ஆடுபவருக்கு அந்த ஆயிரம் ஆட்டம் வரை தாக்குப்பிடிக்க வழி இல்லை. கணக்கு தெரிந்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றாது.

அதனால்தான் தேர்ந்த வீரர்கள், ஜோடி எட்டால் ஜெயித்தேனா என்று தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. அந்த நிமிடத்தில் தெரிந்ததை வைத்துச் சரியாக முடிவெடுத்தேனா என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சீட்டுக்கட்டே தேவையில்லை. வீட்டிலும் வேலையிலும் எடுக்கும் முடிவுகளுக்குப் பிறகும் கேட்டுப் பார்க்கலாம்!