படியும் பலமும்

1951-ஆம் ஆண்டு வெளிவந்து, மணமாகிச் செல்லும் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் அளவுக்குத் தமிழ்க் குடும்பங்களில் இடம்பெற்ற எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்ற நூலின் பழைய பதிப்பொன்றைப் பிரித்துப் பார்ப்பவர்களை முதலில் தயங்க வைப்பவை ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்ற பிரமாணங்களேயாம். 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மெட்ரிக் முறை படிப்படியாக நம் கடைத்தெருவுக்கு வந்து, வீசையும் பலமும் வியாபாரத்திலிருந்து மறைந்துபோயின. ஆனால் பாட்டிமார் எழுதிவைத்த சமையல் குறிப்புகளிலிருந்து அவை மறையவில்லை.

எடையளவுகளை மாற்றுவதில் அதிக சிரமம் இல்லை. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம்; நாற்பது பலம் கொண்ட வீசை 1.4 கிலோ. ரூபாய் எடை என்பது அக்காலத்து வெள்ளி ரூபாயின் எடையாகிய 11.66 கிராம் ஆகையால், இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தைத் தட்டில் வைத்து நிறுப்பவருக்கு அதில் பாதி கூடத் தேறாது.

முகத்தலளவையோ அப்படி எளிதில் வசப்படுவதன்று. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு பொதுவாக வழங்கினாலும், அந்தப் படியே ஊருக்கு ஊர் பெரிதும் சிறிதுமாக இருந்தது. போதாக்குறைக்கு, தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்ற வித்தியாசம் வேறு. அதற்கும் மேலாக, ஒரே பாத்திரத்தில் அடங்கும் வஸ்துக்கள் ஒரே எடை கொண்டவை அல்ல. 240 மில்லி லிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் தண்ணீர் 240 கிராம் நிற்கும். சர்க்கரை சுமார் 200, பச்சரிசி சுமார் 190, தேன் சுமார் 340. மைதாவோ 120 கிராம் அளவில் நின்றுவிடும். அதையும் சலித்துத் தூவினால் இன்னும் குறையும், அமுக்கி நிரப்பினால் 150-ஐ எட்டும். மாவினிடையே தங்கும் காற்றே இதற்குக் காரணம். கடையில் வாங்கும் எண்ணெய்ப் பாக்கெட்டின் மீது ஒரு லிட்டர் என்றும் 910 கிராம் என்றும் சேர்த்து அச்சிட்டிருப்பதைக் கண்டவர்கள் இந்த உண்மையைத் தினமும் கையில் ஏந்தியவர்களே.

ஆகவே, எல்லாப் பண்டங்களுக்கும் பொருந்தும் ஒரே மாற்று எண்ணைத் தேடுவது வீண் முயற்சி. ஊறுகாய்க்குக் கல்லுப்பு ஒரு கரண்டி என்று எழுதியிருக்க, அதே கரண்டியால் தூளுப்பைப் போட்டால், பரல்களின் இடைவெளி இல்லாத காரணத்தால் உப்பு மிகுந்து, பாடுபட்டு நறுக்கிய மாங்காய் முழுவதும் கெட்டுவிடும்.

இதனால் நம் முன்னோர் அளந்து சமைத்த முறை குறைபாடுடையது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்னும் இட்லிக் கணக்கில் இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளக்கும்வரை அந்தப் பாத்திரம் எதுவானாலும் பாதகமில்லை. சாதத்துக்கு வைக்கும் தண்ணீரும் அப்படியே. விகிதத்தைக் காப்பதற்குப் படியைப் போல் விரைவான கருவி தராசு அன்று என்பதே என் அபிப்பிராயம். அளக்கும் பொருளும் எண்ணும் பொருளும் ஒன்றாய்க் கலக்கும்போதுதான் விபரீதம் நேருகிறது. அமெரிக்கக் குறிப்பில் வரும் கிண்ணம் சுமார் 237 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியக் கிண்ணம் 250, அரிசி வேகவைக்கும் மின்பாத்திரத்தோடு வரும் கிண்ணம் 180. இந்தக் கடைசிக் கிண்ணத்தால் மாவையும் சர்க்கரையையும் அளந்து கேக் செய்பவருக்கு அவை இரண்டும் சேர்ந்தே குறையும். முட்டை மட்டும் குறையாது. பண்டம் பதம் கெடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சமையல் குறிப்பு எழுதும் அன்பர்கள் கிண்ணத்தின் கொள்ளளவையும், தலைதட்டியதா குவித்ததா என்பதையும், மாவு வகைகளுக்குக் கிராம் எடையையும் சேர்த்தே எழுதுவார்களாக. பாட்டியின் குறிப்பேடும் அவர் கையாண்ட ஆழாக்கும் இன்னும் வீட்டில் இருக்கப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஆழாக்கைப் பழைய பாத்திரத்தோடு சேர்த்து விற்றுவிடுவதற்கு முன், அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை மட்டும் நிறுத்துப் பாருங்கள்; எத்தனை கிராமோ அத்தனை மில்லி லிட்டர் அதன் கொள்ளளவு. பிறகு அரிசி, பருப்பு, ரவை, சர்க்கரை என ஒவ்வொன்றையும் அதே ஆழாக்கால் அளந்து நிறுத்து, அந்த எடைகளைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்.