நஞ்சே மருந்தாகும் விந்தை

பாஷாணத்தைச் சுத்தி செய்து மருந்தாக்குவது நம் சித்த வைத்தியர்களுக்குப் புதிதன்று. ஆயினும், நஞ்சானது நோயுற்ற உயிரணுவை மட்டுமே தேடிச் சென்று தாக்கவேண்டும் என்னும் சங்கற்பம், ஜெர்மானிய மேதை பால் எர்லிக்கின் சிந்தனையில் உதித்ததாகும்.

அவ்வழியில், டெல்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தில் பின்னாளில் பேராசிரியராக விளங்கிய விஜய் சௌதரி, அமெரிக்காவில் ஆய்வாளர் ஐரா பாஸ்டனின் குழுவில் பணியாற்றிய காலத்தில், எதிர்ப்பொருளின் இனங்காணும் பகுதியையும் சூடோமோனாஸ் பாக்டீரியத்தின் நஞ்சையும் ஒரே புரதமாக இணைத்த ஆராய்ச்சியை, சகாக்களுடன் 1989இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். எதிர்ப்பொருட்பகுதி புற்றணுவின் மேலுள்ள அடையாளத்தைப் பற்றிக்கொள்ள, அணுவே அதனை உள்ளிழுத்துக்கொள்கிறது. உட்புகுந்த நஞ்சு, புரத உற்பத்திக்கு இன்றியமையாத ஒரு காரணியை முடக்கிவிட, அணு மாய்கிறது.

பாக்டீரிய நஞ்சை அந்நியமெனக் கண்டு உடல் எதிர்ப்பது இம்முறைக்குப் பெரும் பிரதிபந்தம். ஆகவே, டெல்லித் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் ஜனேந்திர பத்ரா, பூஞ்சையின் நஞ்சாகிய ரெஸ்ட்ரிக்டோசினோடு மனித உடலுக்கே உரிய ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியையும் ஆயுதமாக்க முனைந்தார். இதற்கிடையே, பாஸ்டனின் ஆய்வுக்கூடத்தில் இம்முறையில் வித்திடப்பட்ட மாக்ஸெட்டுமோமாப் என்னும் மருந்து, அரியதோர் இரத்தப் புற்றுநோய்க்காக 2018இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது.